சரசம்: யாரோடு, யாரிடம்?

கேள்வி இது: "இராமநாதபுரம் கடற்கரையில் நடக்கும் ஒரு குறும்படத்துக்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'ஃபிளர்ட்' பண்ணுவதற்குத் தமிழில் என்ன சொல்? 'சரசம்' என்று நண்பர் சொன்னார். லீவுக்கு ஊருக்குப் போனபோது அந்தச் சொல்லை வீட்டில் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். 'பொம்பளப்புள்ள பேசுற பேச்சா இது?' என்று அப்பத்தா அதட்டிவிட்டார். அது அவ்வளவு மோசமான வார்த்தையா? பாம்பனில் மீன் விற்கிற கதாநாயகியிடம் கதாநாயகன் 'என்னோடு சரசமாட வருகிறாயா?' என்று கேட்பதாக எழுதியிருக்கிறேன். மாற்ற வேண்டுமா?"

மாற்றத்தான் வேண்டும். அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் சொல்லைப் பற்றி.

மோசமான வார்த்தை இல்லை. அதே நேரம் உங்கள் அப்பத்தா அதட்டியதிலும் நியாயம் இருக்கிறது. நம் பக்கத்தில் சரசம் என்பது கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிற சொல். கல்யாணமாகாத பேத்தி நடுவீட்டில் நின்று சொன்னால், 'இவளுக்கு எப்படி இது தெரியும்?' என்றுதான் கேட்கிறவர் மனசு முதலில் போகும். அப்பத்தா சொல்லைக் கண்டிக்கவில்லை, அதைச் சொன்ன வாயைத்தான் கண்டித்தார்.

வடமொழியில் 'ச' என்றால் 'உடன்', 'ரசம்' என்றால் சாறு. சோற்றில் ஊற்றிக்கொள்கிறோமே, அதே ரசம்தான். சாறுள்ளது, சுவையுள்ளது, அதனால் இனிமையானது என்று பொருள் விரிகிறது. இதில் காமம் கொஞ்சமும் இல்லை. தெலுங்கில் இன்றைக்கும் கட்டுப்படியாகிற விலையை 'சரசமைன தர' என்பார்கள். இனிமையாகப் பேசுவது, வேடிக்கையாகப் பேசுவது, அப்புறம் ஆணும் பெண்ணும் ஆசையோடு விளையாட்டாகப் பேசிக்கொள்வது என்று தமிழில் இந்தச் சொல் படிப்படியாக நடந்து வந்திருக்கிறது. இதற்கு எதிர்ச்சொல் விரசம், அதாவது சாறு போனது. தமிழில் விரசம் என்றால் நேராக ஆபாசம்தான். பாட்டு விரசமாக இருக்கிறது, வசனம் விரசமாக இருக்கிறது என்று சினிமா விமர்சனத்தில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள்.

இந்தக் குடும்பத்துச் சொற்கள் எல்லாமே கொஞ்சம் தடம் மாறியவைதான். கேலி என்பது வடமொழியில் விளையாட்டு, காதல் விளையாட்டும் அதில் அடக்கம். தமிழுக்கு வந்ததும் காதல் உதிர்ந்து பரிகாசம் மட்டும் மிஞ்சியது. சல்லாபம் என்பது வெறும் உரையாடல். இங்கே வந்து கட்டில் வரைக்கும் போய்விட்டது. உல்லாசத்தின் கதை இன்னும் வேடிக்கை. சுற்றுலா போனால் உல்லாசப் பயணம், உல்லாசப் படகு என்று போர்டு வைக்கிறார்கள். அதே நாள் காலை நாளிதழில் 'இருவரும் உல்லாசமாக இருந்தனர்' என்று ஒரு செய்தி வரும், அது வேறு விஷயம். காரங்காட்டு அலையாத்திக் காட்டில் குடும்பத்தோடு படகு ஏறுகிறவர்கள் இந்த இரண்டாவது பொருளை நினைக்காமல் இருக்க வேண்டும்.

சரி, இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். சரசம் என்ற சொல்லோடு எந்த வேற்றுமை உருபு வருகிறது என்று கவனியுங்கள். 'அவளோடு சரசமாடினான்' என்கிறோம். ஓடு உருபு வந்தாலே இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற காரியம். அவளோடு பேசினான், அவளோடு நடந்தான், அவளோடு சண்டை போட்டான். விளையாட்டில் வரும் ஆடு என்ற வினையும் அப்படித்தான். பல்லாங்குழி ஆடினாலும் பந்து ஆடினாலும் எதிரே ஒருவர் விருப்பத்தோடு நிற்கிறார். இப்போது 'அவளிடம் சில்மிஷம் செய்தான்' என்பதைப் பாருங்கள். இங்கே இடம் உருபு வந்துவிட்டது. காரியம் இவனிடமிருந்து கிளம்பி அவள் மேல் போய் விழுகிறது. அவளுக்கு அதில் பங்கில்லை. 'அவளோடு சில்மிஷம் செய்தான்' என்று பேச்சில் பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள், நாக்கு அவ்வளவு எளிதில் வராது. 'அவளிடம் வழிந்தான்', 'அவளைச் சீண்டினான்', 'அவளைப் பார்த்து ஜொள்ளு விட்டான்' என்று ஒருபக்கமாக நடக்கிற எதற்கும் 'இடம்' உருபோ 'ஐ' உருபோ 'பார்த்து' என்ற சொல்லோதான் பெரும்பாலும் வருகிறது, ஓடு வருவதில்லை. கொஞ்சிக் குலாவுவது, கடலை போடுவது, ஊடுவது என்று இருபக்கமும் நடப்பவற்றுக்கு ஓடு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இலக்கணப் புத்தகத்தைத் திறக்காதவர்கள்கூட இதில் அநேகமாகத் தவறுவதில்லை.

'ஃபிளர்ட்' என்ற சொல்லில் இந்தப் பிரிவு கிடையாது. ஒருவன் தனியாக ஃபிளர்ட் பண்ணலாம், இரண்டு பேர் சேர்ந்தும் பண்ணலாம், மனசில் ஒன்றும் இல்லாமல் பொழுதுபோக்காகவும் பண்ணலாம். அதனால்தான் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடினால் சிக்கவில்லை. எந்தச் சொல் என்று முடிவு செய்வதற்கு முன்னால், எதிரே நிற்கிற பெண் அல்லது ஆண் விளையாட்டில் சேர்ந்தாரா என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும்.

பேச்சில் இந்தச் சொல் எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். திங்கள், புதன், சனி என்று கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள். மண்டபம் பக்கம் ஒரு கீற்றுப் பந்தலுக்குக் கீழே வயதான மனிதர் ஒருவர் கால் பெருவிரலில் வலையைச் சிக்கவைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார். டீ கொண்டுவந்த மனைவி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த வலையில இன்னைக்கு வரைக்கும் உருப்படியா என்ன பட்டுருக்கு?"

"நீ பட்டியே. அதுக்கப்புறந்தான் கடல்ல ஒன்னும் படல."

"பட்டது நானா நீங்களான்னு ஊரக் கேளுங்க."

அவர் சிரிக்க, இந்த அம்மா டம்ளரை மணலில் வைத்துவிட்டு, "வயசான காலத்துல சரசத்தப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்ட முகத்தில் சிரிப்பாணி தாங்கவில்லை.

மீன் படுவது, மீன்பாடு என்பதெல்லாம் கடற்கரைப் பேச்சு. அதே படுதலில் துன்பப்படுவதும் இருக்கிறது. இரண்டையும் வைத்து அந்த அம்மா ஆடியதுதான் சரசம். அவர் கணவரைத் தொடக்கூட இல்லை. இன்னொன்றும் பாருங்கள்: சரசம் நடக்கிறபோது அந்தச் சொல் வரவில்லை. முடிந்த பிறகு, பொய்க் கோபமாக வந்தது. பேச்சுத் தமிழில் இந்தச் சொல்லின் வேலை பெரும்பாலும் இதுதான். செய்கிறவர் 'நான் சரசமாடுகிறேன்' என்று சொல்ல மாட்டார். எதிராளியோ, பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் ஆளோதான் அப்படிச் சொல்வார். அதுவும் கண்டிப்பது போலச் சொல்வார். உங்கள் வசனம் ஓடாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது முறை. நம் ஊர்களில் சொந்தக்காரர்களை மட்டும் அல்ல, தெருவில் இருக்கிற எல்லாரையுமே ஏதோ ஒரு முறை வைத்துத்தான் கூப்பிடுகிறோம். அண்ணன் முறை, சித்தப்பா முறை என்றால் கேலிக்கே இடமில்லை. மச்சான், மதினி, கொழுந்தன், கொழுந்தியாள், அத்தை மகன், மாமன் மகள் என்றால் கேலி பேசாவிட்டால்தான் 'என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?' என்று கேட்பார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பு காணாமல் போவதும், பந்தியில் அவன் இலையில் மட்டும் உப்பு கூடிப்போவதும் மச்சினிமார் வேலைதான். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. யாரிடம் எதுவரை பேசலாம் என்பது வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.

ஆனால் இதை ரொம்பக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. 'முறைப்பொண்ணுதானே' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, முகம் சுண்டிப் போகிற பெண்ணைப் போகிற வருகிற இடமெல்லாம் சீண்டிக்கொண்டிருந்தவர்களையும் இதே ஊர்கள் பார்த்திருக்கின்றன. முறை என்பது பேச ஆரம்பிப்பதற்கு அனுமதி. மேலே போகலாமா என்பதை அந்தப் பெண்ணின் முகம்தான் சொல்ல வேண்டும்.

பழைய இலக்கியத்தில் இதற்கெல்லாம் சொல் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. உவகை எதிலிருந்தெல்லாம் பிறக்கும் என்று தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. புணர்வையும் விளையாட்டையும் தொல்காப்பியர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார், கவனியுங்கள். (கடற்கரைக்காரர்கள் கோபித்துக்கொள்ள ஒரு விஷயமும் உண்டு. குறிஞ்சிக்குப் புணர்தல், மருதத்துக்கு ஊடல் என்று பங்கு போட்டவர்கள் நெய்தலுக்கு ஒதுக்கியது இரங்கல். கடலைப் பார்த்து அழுவதற்குத்தான் நாம் போலிருக்கிறது.)

ஊடலைச் சரசம் என்று சொல்லிவிட முடியாது. அது பொய்க் கோபம், சரசத்தின் பக்கத்து வீடு. வள்ளுவர் இதற்கு அளவு சொல்லும்போது உப்பை எடுத்துக்கொள்கிறார்:

உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது
மிக்கற்றால் நீள விடல்.

பிணக்கு உப்பு மாதிரி அளவாக இருக்க வேண்டும், கொஞ்சம் நீளவிட்டாலும் உப்பு கூடிப்போன கதைதான் என்கிறார். வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தக் குறளுக்கு உரையே தேவையில்லை.

உங்களுக்கு அதிகம் பயன்படப் போவது கலித்தொகையில் 'சுடர்த்தொடீஇ கேளாய்' என்று தொடங்கும் பாட்டு. கபிலர் பாடிய குறிஞ்சிக்கலி. ஒரு பெண் தோழியிடம் சொல்கிறாள்: தெருவில் நாம் கட்டிய மணல் வீட்டைக் காலால் எட்டி உதைத்து, தலையில் இருந்த மாலையைப் பிய்த்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவானே ஒரு பயல், அவன் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். அம்மா கொடுத்துவிட்டு வா என்றாள். கொடுக்கப் போனால் கையைப் பிடித்துவிட்டான். நான் 'அம்மா, இவன் செய்வதைப் பார்' என்று கத்திவிட்டேன். அம்மா அலறிக்கொண்டு ஓடிவர, நானோ 'தண்ணீர் குடிக்கும்போது விக்கினான்' என்று சொன்னேன். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவன் கடைக்கண்ணால் என்னைக் கொல்கிற மாதிரி பார்த்து 'நகைக்கூட்டம் செய்தான்' அந்தக் கள்வன் மகன்.

நகைக்கூட்டம்! இரண்டு பேர் சிரிப்பில் சேர்வது. சரசத்துக்கு இதைவிட அழகான தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வழக்கில் இல்லாதது வருத்தம்தான். பாட்டில் எல்லாமே அவள் சொன்ன அந்த ஒரு பொய்யில்தான் திரும்புகிறது. விக்கினான் என்று அவள் சொன்ன கணத்தில்தான் இது இருவர் விளையாட்டானது. உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா தடவிக் கொடுத்திருக்க மாட்டாள், அடி விழுந்திருக்கும். ஆனால் இந்தக் காட்சியை அப்படியே தூக்கி உங்கள் படத்தில் வைத்துவிடாதீர்கள். கையைப் பிடித்த பிறகு அவள் என்ன சொல்வாள் என்று காத்திருக்கிற வேலை பாட்டில் சரி. இன்றைக்கு அது கேட்காமல் தொட்டதுதான்.

மேடையில் பார்க்க வேண்டுமென்றால் நம் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகம் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்தது. வேடனாக வரும் முருகனும் தினைப்புனம் காக்கும் வள்ளியும் போடுகிற தர்க்கத்துக்காகவே கூட்டம் உட்கார்ந்திருக்கும். அவன் ஒன்று கேட்பான், அவள் மடக்குவாள், ஆர்மோனியக்காரர் நடுவில் ஒரு சுருதி விடுவார். சரசம். அதே மேடையில் முன்னதாக பபூனும் டான்ஸ் ஆடும் பெண்ணும் இரட்டை அர்த்தத்தில் பேசுவதும் உண்டு, அது எல்லை தாண்டினால் விரசம். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

செய்தித்தாள் மொழியைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஓடும் பஸ்ஸில் பெண்ணைத் தொட்டவனைப் பிடித்தால் 'சில்மிஷ வாலிபர் கைது' என்று போடுகிறார்கள். சில்மிஷம் என்று வீட்டில் யாரைச் சொல்வோம்? சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்த குழந்தையை. குற்றத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டால் குற்றம் குறும்பாகிவிடுகிறது. 'ஈவ் டீசிங்' என்பதிலும் இதே கோளாறுதான். தமிழ்நாட்டில் 1998-இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. 2002-இல் திருத்திப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று பெயரை மாற்றினார்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தல் 75-ஆம் பிரிவு, பின்தொடர்ந்து தொல்லை தருவது 78-ஆம் பிரிவு. சட்டம் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது, தலைப்பு போடுகிறவர்கள்தான் இன்னும் மாற்றவில்லை. உங்கள் வசனத்தில் ஒருவன் வேண்டாத வேலை செய்தால் சில்மிஷம், சேட்டை, லீலை என்று எந்தப் பாத்திரத்தின் வாயிலும் மெழுகிவிடாதீர்கள்.

இப்போது புழங்குகிற சொற்கள். இளசுகள் பேச்சில் கடலை போடுவதுதான் அன்றாடச் சொல்; தொல்லை இல்லாதது, இருவர் காரியம். பாம்பனில் கடலைப் பார்த்துக்கொண்டே கடலை போடுவதாக யாரும் ஜோக் எழுத வேண்டாம், அது ரொம்பப் பழசு. நூல் விடுவது என்றால் ஆழம் பார்ப்பது. வழிவதும் ஜொள்ளு விடுவதும் ஒருபக்கம், பார்க்கிறவருக்குச் சிரிப்பு, படுகிறவருக்கு எரிச்சல். லந்து என்பது மதுரையிலிருந்து நம் பக்கம் வரை ஓடுகிற சொல். காதல் இல்லாத கேலிக்கும் வரும், காதலை மறைத்து வைத்த கேலிக்கும் வரும். 'என்ன, லந்தா?' என்று ஒரு பெண் புருவத்தைத் தூக்கிக் கேட்டால் அது கோபமா அழைப்பா என்று நடிக்கிறவர் முகம்தான் சொல்ல வேண்டும். படத்துக்கு இந்த மாதிரி இரண்டு பக்கமும் சாய்கிற சொல்தான் நல்லது. சரசத்தை வைத்தே ஆக வேண்டும் என்றால், பக்கத்தில் கூடை வைத்திருக்கிற வயதான அம்மா யாருக்காவது கொடுங்கள். 'ஏத்தா, ஏவாரத்தப் பாக்குறியா சரசம் பண்றியா?' என்று அவர் கேட்டால் பொருத்தமாக இருக்கும்.

உங்கள் கதாநாயகன் வசனத்துக்குப் பதிலாக நான் எழுதினால் இப்படி எழுதுவேன். அவன் மறுபடியும் மீன் வாங்க வந்து நிற்கிறான் (நகரை, சூடை இரண்டும் மீன் பெயர்கள்). அவள் தராசைத் துடைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறாள்:

"நேத்து நகரை வாங்கிட்டுப் போனீகளே, வீட்டுல என்ன சொன்னாக?"

"சொல்றதுக்கு வீட்டுல யாரு இருக்கா? ஆக்கித் தர ஆளில்லாம பூனைக்குத்தான் போட்டேன்."

"அப்ப இன்னைக்கும் பூனைக்குத்தானா? அதுக்குச் சூடை போதும், நகரை எதுக்கு?"

கல்யாணமாகிவிட்டதா என்று அவள் கேட்டுவிட்டாள், இல்லை என்று அவன் சொல்லிவிட்டான், கேட்காத மாதிரி அவள் விலை குறைந்த மீனைத் தள்ளிவிட்டாள். மூன்றாவது வரி அவளுடையதாகவே இருக்கட்டும். அதற்கு மேல் அவனுக்கு ஒரு வரி கொடுத்தால் வழிசலாகிவிடும். காட்சியை அங்கேயே வெட்டிவிடுங்கள்.